வாசலில் எரிந்த மூட்டை

“ஏண்டி ஜோதி, உங்க பக்கமெல்லாம் எலி செத்துண்டு இருக்காமே, நெஜமா?”

விஜயலக்ஷ்மி மாமி இப்படிக் கேட்டது ஒரு செப்டம்பர் மாதக் காலையில். ஜோதிலட்சுமி அழுக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டே சிரித்தாள்.

“எங்க பக்கம் எலி எங்கேம்மா சாவுது. அத்தப் பாத்து பூனைங்கதான் பயந்து செத்துக்கினு கீது.”

மாமி சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போனாள். எப்போதும் கொல்லைப்புறப் படியில் வைக்கிற காபி டம்ளர் அன்றைக்கு வரவில்லை. ஜோதி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மூட்டையைச் சைக்கிளில் ஏற்றிக் கிளம்பினாள்.

சூரத்தில் பிளேக் என்று ரேடியோவில் சொல்ல ஆரம்பித்திருந்த நாட்கள் அவை. தொண்ணூற்று நாலாம் வருஷம். சூரத் எங்கே, மெட்ராஸ் எங்கே. ஆனாலும் மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் தீர்ந்துபோனது. பாண்டி பஜாரில் ஜனங்கள் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு புடவைக்கு விலை கேட்டார்கள். வளைகுடா நாடுகள் ஒவ்வொன்றாக, இந்தியாவிலிருந்து வருகிற விமானத்தை இறங்க விடமாட்டோம் என்று அறிவித்தன. மற்ற தேசங்களிலும் யோசித்தார்கள், சிலர் நிறுத்தினார்கள், சிலர் வந்த விமானத்துக்குள் மருந்தடித்துவிட்டுக் கதவைத் திறந்தார்கள். அதோடு வெள்ளைக்காரர்கள் வரத்து நின்றது. மகாபலிபுரத்தில் சிப்பி மாலை விற்கிறவன் முதல் தேனாம்பேட்டையில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறவன் வரை எல்லோருக்கும் கை ஒடிந்த மாதிரி ஆயிற்று.

ஜோதியும் அவள் புருஷன் துரைராஜும் அடையாற்றங்கரையில் துணி வெளுக்கிறவர்கள். ஆற்றுத் தண்ணீர் நாறிப்போய் எத்தனையோ காலமாகிவிட்டது. கரையிலிருந்த கிணற்றுத் தண்ணீரில்தான் துவைப்பு. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அவளுக்கு வீடுகள் இருந்தன. எல்லாவற்றிலும் பெரிய வாடிக்கை ஹம்சா டூரிஸ்ட் ஹோம். மயிலாப்பூர் லஸ்ஸிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெருவில், ஸ்ரீரங்கன் தன் பழைய வீட்டை இடித்துக் கட்டி, மகள் பெயரை வைத்திருந்தார். விஜயலக்ஷ்மி மாமி அவர் மனைவி. கச்சேரி கேட்கவும் கோயில் பார்க்கவும் வருகிற வெளிநாட்டுக்காரர்கள் அங்கே தங்குவார்கள். அவர்கள் படுத்தெழுந்த விரிப்புகளை ஜோதி வெள்ளாவி வைத்து, நீலம் போட்டு, கஞ்சி மொடமொடக்கக் கொண்டுவந்து தருவாள்.

இதையெல்லாம் விட முக்கியமான விஷயம் ஒன்று அந்தக் குடும்பத்தில் அப்போது நடந்துகொண்டிருந்தது. துரைராஜ் துபாய் போகிறான். அங்கே ஒரு ஹோட்டலில் லாண்டரி வேலை. விசா வந்துவிட்டது. தி.நகரில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஆபீஸ் வைத்திருந்த ஷஃபியுல்லா பாய் டிக்கெட்டும் போட்டுவிட்டார். துரைராஜ் ஏற்கெனவே பாதி துபாயில்தான் இருந்தான். தலைக்கு மேலே மீனம்பாக்கம் விமானம் இறங்கினால் துவைப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பான்.

“யோவ், துணி கல்லுல கீது. ப்ளேன்ல இல்ல” என்பாள் ஜோதி.

“அங்க கல்லே கெடயாதாமே. மிசின்ல போட்டுட்டு குந்திக்கினே இருக்கலாமாம்.”

“குந்திக்கினே இருக்கத்தான் உனக்கு இங்கியே நல்லா வருமே.”

துபாய் கதவைச் சாத்தியதும் ஷஃபியுல்லா பாய் சொன்னார்: “பயப்படாதே துரைராஜ். கவர்மென்டுக்கு கவர்மென்டு பேசிக்கினு கீறாங்க. ப்ளேன் விட்டதும் மொத ஆளா உன்ன ஏத்துறேன். நீ சளி கிளி புடிக்காம பாத்துக்கோ.”

அதே துபாய் கதவில்தான் ஹம்சா டூரிஸ்ட் ஹோமும் மாட்டிக்கொண்டது. ஜெர்மன்காரர்கள் கொஞ்சம் பேர் ஒரு கூட்டமாக வந்து அங்கே தங்கியிருந்தார்கள். அவர்கள் ஊர் திரும்ப வேண்டிய விமானம் துபாய் வழியாகப் போகிற விமானம். அது ரத்து. வேறு விமானத்தில் இடம் கிடைக்கிற வரை அறைக்குள்ளேயே கிடந்தார்கள். பயந்து கிடக்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். ஒருநாள் அவர்களில் ஒருவர் கட்டில் விரிப்பைக் காட்டி, இதை எங்கே துவைக்கிறீர்கள் என்று கேட்டார். கேட்டவருக்கே பதில் தெரியும். முந்தின வாரம்தான் கைடு கிச்சா அவர்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், ஜோதி துவைப்பதைப் படம் பிடிக்கவைத்திருந்தான். குடிசைகளையும் படம் பிடித்தார்கள். அன்றைக்கு அழகாக இருந்த குடிசைகள் இப்போது அவர்கள் கண்ணில் வேறு மாதிரி தெரிந்தன.

அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான் ஜோதி வெளுத்த மூட்டையோடு வாசலில் வந்து இறங்கினாள். அதே நேரத்தில் ஒரு மாலைப் பத்திரிகைக்காரனும் வந்திருந்தான். நாட்டில் மாட்டிக்கொண்ட வெள்ளைக்காரர்களைப் பேட்டி எடுக்க. ஸ்ரீரங்கன் வாசலுக்கு வந்தார். ஜெர்மன்காரர்களைப் பார்த்தார், காமெராவைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொன்னார்.

ஜோதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஓடிவந்தாள்.

“சாமி, வேணாம் சாமி. மேல கட்டுனதுதான் உங்க துணி. உள்ள மந்தவெளி வூட்டுத் துணியெல்லாம் கீது.”

வெளுக்கிறவர்கள் மூட்டை கட்டுகிற விதம் அப்படி. பெரிய விரிப்பு யார் வீட்டுடையதோ அதை வெளியே சுற்றி, அதற்குள் நாலு வீட்டுத் துணியை அடுக்குவார்கள். வெளியே ஹம்சா டூரிஸ்ட் ஹோம் விரிப்பு தெரிந்ததால், மூட்டை முழுக்கத் தன்னுடையது என்று ஸ்ரீரங்கன் நினைத்தார். அவிழ்த்துப் பார்க்கலாம். அவிழ்க்கத் தொட வேண்டுமே.

“தள்ளி நில்லு. கிட்ட வராதே” என்றார்.

நெருப்பு வைத்தான் வாட்ச்மேன். ஸ்ரீரங்கன் வெள்ளைக்காரர்களிடம் இங்கிலீஷிலும் பத்திரிகைக்காரனிடம் தமிழிலும் சொன்னார். இது ஆற்றங்கரைக் குடிசையில் வெளுத்து வந்த துணி, அங்கே எலி சாகிறது, நோய்த் துணியை எங்கள் விருந்தாளிகள் மேல் படவிட மாட்டோம். இடத்தின் பெயரையும் சொன்னார். வெள்ளைக்காரர்களில் ஒருவர் இருவர் கை தட்டினார்கள். ஒரு வக்கீலின் வேஷ்டிகள், ஒரு டீச்சரின் புடவைகள், மந்தைவெளிப் பாட்டு வாத்தியார் ஒருவரின் ஜரிகை அங்கவஸ்திரம், எல்லாம் அதில் எரிந்தன. அந்தப் பாட்டு வாத்தியார் கிச்சாவின் அப்பா. கிச்சா அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். ஜரிகை கருகியதைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. அவனுக்குச் சோறு போடுவது அந்த ஹோம்.

வெளுத்த துணியை வெளுத்தவள் கண்ணெதிரில் கொளுத்துவது ஜோதியின் ஆட்களிடையே ஒரு இடத்தில்தான் நடக்கும். சுடுகாட்டில், செத்தவர் துணியை. அன்று சாயங்காலமே ஆற்றங்கரையில் கூடிப் பேசினார்கள். அந்த வீட்டுத் துணியை இனி எந்தக் கையும் தொடக் கூடாது என்று முடிவாயிற்று. ஸ்ரீரங்கன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அடையாறில் ஒரு மிஷின் லாண்டரியில் போட்டார்.

பத்திரிகையில் படம் பெரிதாக வந்தது. நெருப்பு, பக்கத்தில் ஹோமின் போர்டு, ஓரத்தில் தலையில் கைவைத்து நிற்கிற ஜோதி. கீழே அவர்கள் இருக்கும் இடத்தின் பெயர். மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீடாகத் துணியை நிறுத்தியது. பாத்திரம் தேய்க்கப் போகிற சுலோச்சனாவையும் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அவளுக்கும் துணிக்கும் சம்பந்தமே இல்லை. அவள் குடிசை அடுத்த வரிசை, அவ்வளவுதான்.

அக்டோபரில் விமானங்கள் திரும்ப விட்டார்கள். ஆனால் சும்மா ஏற்றவில்லை. நோயில்லை என்று டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். துரைராஜ் நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஷஃபியுல்லா பாய் சொன்ன டாக்டரிடம் போனான். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். எல்லாம் சரி என்றார். விலாசம் எங்கே என்று கேட்டார். துரைராஜ் சொன்னான். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“அது பேப்பர்ல வந்த எடமாச்சே. நான் கையெழுத்துப் போட்டு, அங்க போய் நீ இருமினா, என்னைத்தான் புடிப்பாங்க.”

வேறு டாக்டர், வேறு டாக்டர் என்று அலைவதற்குள் விசா காலாவதியாகிவிட்டது. ஷஃபியுல்லா பாய் வேறொருவனை ஏற்றி அனுப்பினார். துரைராஜ் அதன்பிறகு விமானம் பறந்தால் அண்ணாந்து பார்ப்பதில்லை. துவைப்பதும் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஜோதி துவைத்தாள். கிடைத்த துணியைத் துவைத்தாள். கல்லில் எது விழுந்தாலும் அது அவளுக்கு ஸ்ரீரங்கனின் வேஷ்டியாகத்தான் தெரிந்தது. ஒரு சின்னக் குழந்தையின் கவுனைக்கூட அவள் அந்த வேகத்தில் அடித்துக் கிழித்திருக்கிறாள். அவர் ஹோம் இடிந்து விழ வேண்டும் என்று வேண்டினாள். இடிந்து விழுந்தால் சட்டென்று முடிந்துவிடும் என்று தோன்றி, வேண்டுதலை மாற்றிக்கொண்டாள். அவர் நாலு பேர் நடுவில் நிற்க வேண்டும், வாயைத் திறக்க முடியாமல் நிற்க வேண்டும், நான் பார்க்க வேண்டும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாக்கில் வைத்துச் சப்பிக்கொண்டே இருந்தாள்.

டிசம்பர் பிறந்தது. சபாக்களில் பந்தல் போட்டார்கள். ஒருநாள் காலையில் ஸ்ரீரங்கன் ஆற்றங்கரைக்கு வந்தார். கால் வைக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து வந்தார். பின்னால் கிச்சா ஒரு தட்டில் பழமும் பூவும் ஏந்தி வந்தான்.

“சௌக்கியமா ஜோதி? மாமி உன்னை விசாரிச்சா.”

“கீறோம் சாமி. மூக்குல துணி கட்டாம வந்துட்டீங்களே.”

ஸ்ரீரங்கன் சிரித்து வைத்தார். கிச்சாதான் விஷயத்தைச் சொன்னான். “அன்னைக்கு மாட்டிண்டிருந்தாளே ஜெர்மன்காரா, அவா ஊருக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிட்டா. அந்த ஹோம்ல வியாதித் துணி இருந்துது, எங்க கண்ணெதிர எரிச்சான்னு. இப்போ ஃப்ளைட் எல்லாம் திறந்தாச்சு. ஆனா டூர் கம்பெனி ஒரு அம்மாவை அனுப்பறது. அவ வந்து பாத்து, சரின்னாத்தான் க்ரூப் வரும். இல்லேன்னா இந்த சீசன் போச்சு, ஹோமையே லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவா. அவளுக்கு உன்னைத்தான் பாக்கணுமாம்.”

“என்னிய எதுக்கு?”

“போட்டோல இருக்கியே.”

ஸ்ரீரங்கன் குரலைத் தாழ்த்தினார். “பெரிசா ஒண்ணும் வேண்டாம். அன்னைக்கு எரிச்சது கிழிசல் துணி, வேண்டாம்னு கழிச்சதுன்னு சொல்லு. எங்க துணிய இப்பவும் நீதான் வெளுக்கறேன்னு சொல்லு. அவ்வளவுதான்.” துரைராஜ் பக்கம் திரும்பினார். “உன் சமாசாரம் காதுல விழுந்தது. கஷ்டமா இருந்துது. என் மச்சினன் பரத்வாஜ் மஸ்கட்ல பெரிய ஹோட்டல்ல மேனேஜர். லாண்டரிக்கு ஆள் கேட்டுண்டே இருக்கான். க்ரூப் மட்டும் வரட்டும். நான் ஒரு வார்த்தை சொன்னாப் போறும்.”

துரைராஜ் எழுந்து நின்றான். அக்டோபருக்குப் பிறகு அவன் அவ்வளவு வேகமாக எழுந்து ஜோதி பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு அவன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“இன்னாமே சொல்ற?”

“இன்னா சொல்றது.”

“தலைய ஆட்டு. நீ வாயக்கூடத் தொறக்க வேணாம். அந்தாளு பேசுவாரு, நீ ஆட்டு.”

“என்னிய வாசல்ல நிக்க வெச்சு கொளுத்துனாருய்யா.”

“கொளுத்துனாரு. நான் இன்னா இல்லன்னா சொல்றேன். அத்த நெனச்சுக்கினே இங்கியே சாவ சொல்றியா?” அவன் குரல் இறங்கியது. “எனுக்கு இது ரெண்டாவது தபா வருது ஜோதி. மூணாவது வராது.”

அவள் அடுப்பை ஊதினாள். “பாக்கலாம்” என்றாள். அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான். அவளும் அப்போது சரி என்றுதான் நினைத்தாள். கோபத்தைத் துணி மாதிரி மடித்து வைத்துவிடலாம், புருஷன் மஸ்கட் போகட்டும் என்றே நினைத்தாள்.

அந்த அம்மா வந்தாள். உயரமாக, காதி சூடிதாரில், வெயிலில் சிவந்த மூக்கோடு. டாக்ஸியைப் பாலத்து மேலேயே நிறுத்திவிட்டு இறங்கி நடந்து வந்தாள். டாக்ஸிக்காரன் அக்பர் பாஷா பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து நின்று கீழே பார்த்தான். ரொம்ப நாள் கழித்து வந்த சவாரி. கிச்சா முன்னால் ஓடிவந்து ஜோதியின் காதில் சொன்னான்.

“அக்கா, நல்லபடியா முடிச்சுக் குடு. மூணு மாசமா வெள்ளைக்காரா ஒருத்தர் இல்லே. கபாலிக்கே நான் தலபுராணம் சொல்லிண்டிருக்கேன். அவர் இங்கிலீஷ்ல சொல்லாதேங்கறார்.”

ஜோதிக்குச் சிரிப்பு வந்தது. துரைராஜ் கொடிக்குப் பக்கத்தில் நின்றான். டாக்டரிடம் போட்டுக்கொண்டு போன சட்டையைப் போட்டிருந்தான். தலையில் எண்ணெய் மின்னியது.

அந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்தாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். வெள்ளாவிப் பானையின் கிட்டப் போய் ஆவியில் கையை நீட்டி, சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டு சிரித்தாள். ஜோதிக்கு அவளைப் பிடித்திருந்தது. ஸ்ரீரங்கன் விடாமல் இங்கிலீஷ் பேசிக்கொண்டே கூட வந்தார். கொடியில் காய்ந்த யார் வீட்டு விரிப்புகளையோ தன் ஹோமுடையவை என்று காட்டினார். பிறகு ஜோதியைக் காட்டி நெஞ்சில் கைவைத்து ஏதோ நீளமாகச் சொன்னார்.

“இன்னா சொல்றாரு?” என்று ஜோதி கிச்சாவைக் கேட்டாள்.

கிச்சா அவளைப் பார்க்காமல் சொன்னான். “நீ அவா குடும்பத்துல ஒருத்தி மாதிரியாம். உன்னைக் கேக்காம ஆத்துல ஒரு காரியமும் நடக்காதாம்.”

ஜோதி தலையாட்டவில்லை. காபி வராத படிக்கட்டு, தள்ளி நில்லு என்ற கை, கைதட்டின வெள்ளைக்காரன், எல்லாம் ஒரு சேர மேலே வந்தன. கொடிப் பக்கம் பார்த்தாள். துரைராஜ் கழுத்தை மெல்ல மேலும் கீழும் ஆட்டிக் காட்டினான். இப்படி, இப்படி என்று.

அந்த அம்மா நேராக அவளிடம் கேட்டாள். கிச்சா தமிழில் சொன்னான்: “அன்னைக்கு எரிச்ச துணி என்ன துணி? அதுல வியாதி இருந்துதா?”

“கிழிசல்னு சொல்லு” என்றார் ஸ்ரீரங்கன், சிரித்த முகம் மாறாமல்.

“கிச்சா தம்பி, நான் சொல்றத அப்டியே சொல்லணும்” என்றாள் ஜோதி. “கிழிசல் இல்ல. நல்ல துணி. நான் ஆவி வெச்சு வெளுத்து அன்னிக்குத்தான் எடுத்துக்கினு போனேன். ஆனா சாமி சொன்னாரு, அதுல நோய் கீதுன்னு. நாலு பேருக்கு முன்னால, பேப்பருக்கு சொன்னாரு. பெரியவங்க பொய் சொல்வாங்களா? நோய் இருந்துதுன்னே வெச்சுக்கோ. அந்தத் துணி எனக்கு எங்கேர்ந்து வந்துது? இவுரு வூட்லேர்ந்து அழுக்கா வந்துது. வெளுத்துக் குடுத்த பெறவும் கொளுத்துற அளவுக்கு அதுல நோய் ஒட்டிக்கினு இருந்துச்சுன்னா, இவுரு ரூம்ல எவ்ளோ இருந்திருக்கும்? இந்தம்மாவோட ஆளுங்க அதுலதான படுத்துக்கினு இருந்தாங்க. இல்ல, நோயே இல்லன்னு இவுரு சொல்வாருன்னா, எதுக்குக் கொளுத்துனாருன்னு கேளு.”

கிச்சா நின்றான். பாலத்தின் மேலே நின்ற டாக்ஸியைப் பார்த்தான்.

“ஷீ ஸேஸ் ஓல்ட் க்ளாத்” என்றார் ஸ்ரீரங்கன் அவசரமாக.

அந்த அம்மா அவரைப் பார்க்காமல் கிச்சாவையே பார்த்தாள். கிச்சா ஸ்ரீரங்கன் பக்கம் திரும்பினான். “எங்கப்பாவோட அங்கவஸ்திரம் அந்த மூட்டைல இருந்துது மாமா” என்றான். “நீங்க ஒரு நாள்கூடக் கேக்கலை.” பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பி, கோயிலில் தூண் தூணாகச் சொல்கிற அதே குரலில், ஒன்று விடாமல் இங்கிலீஷில் சொன்னான்.

அந்த அம்மா ஸ்ரீரங்கனிடம் சின்னதாக ஒரு கேள்வி கேட்டாள். நோய் இருந்ததா, இல்லையா.

ஸ்ரீரங்கன் வாயைத் திறந்தார். மூடினார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். இருந்தது என்றால் ஹோம் போயிற்று. இல்லை என்றால் அன்றைய நெருப்பு நாடகம். கரையிலிருந்த ஜனங்கள் எல்லாம் துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோதி அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இத்தனை நாள் நாக்கில் வைத்திருந்தது தொண்டையில் இறங்கியது. அவ்வளவு ருசி.

அந்த அம்மா பையை மூடினாள். ஜோதியைப் பார்த்துக் கை கூப்பினாள். மேடேறி நடந்தாள். கிச்சா தலையைக் குனிந்தபடி பின்னால் போனான். அவனுக்கும் சீசன் போயிற்று, அது அவனுக்குத் தெரியும்.

ஸ்ரீரங்கன் கடைசியாக நகர்ந்தார். “உன் புருஷன் பொழப்புல நீயே மண்ணை வாரிப் போட்டுட்டே” என்றார்.

“அடுத்த தபா மண்ணெண்ண நான் தரேன் சாமி” என்றாள் ஜோதி.

கரையில் ஒரு பொம்பிளை சிரித்தாள். அதைக் கேட்டு இன்னும் சிலர் சிரித்தார்கள். சுலோச்சனா வந்து ஜோதியின் தோளைத் தட்டினாள். ஜோதி உடம்பெல்லாம் குளிர்ந்து நின்றாள். ஸ்ரீரங்கன் மேட்டில் வழுக்கி, கையை ஊன்றி, எழுந்து போவதைக் கடைசி வரை பார்த்தாள். பிறகுதான் கொடிப் பக்கம் திரும்பினாள்.

துரைராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தான். நிதானமாக, இரண்டு கையையும் ஒரே அளவுக்கு.

“பாத்தியா அந்தாளு மூஞ்சிய” என்றாள்.

அவன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான்.

“யோவ். இன்னாய்யா. இவுரு வாங்கித் தர்ற விசா நமுக்கு எதுக்கு? பாய்கிட்ட நானே வந்து பேசுறேன். நீ கேளு.” அவள் இரண்டடி முன்னால் வந்தாள். “சோறு வடிச்சு கீது. துன்னுட்டாவது போ.”

துரைராஜ் அவளைத் தாண்டி நடந்தான். ஈரமான விரிப்பு ஒன்று முகத்தில் பட்டது. அதைக் கையால் ஒதுக்கினான். மேடேறினான். டாக்ஸி போய்விட்டிருந்த பாலத்தில், எந்தப் பக்கம் என்று ஒரு கணம் நின்றான். பிறகு சைதாப்பேட்டை பக்கமாகத் திரும்பி நடந்து போனான்.